கட்டுமரம் முதல் பைபர் படகு வரை
பழைய படகு தேர்ந்த நம் கடற்கரையின் வரலாறு

யூபிலி காணும் ஓர் ஆலயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அடிக்கல் நாட்டிய ஆண்டையும், கோபுரம் எழுந்த ஆண்டையும், பங்கைப் பேணிய குருக்களின் பெயர்களையும் வரிசைப்படுத்தி எழுதுவது வழக்கம். இம்மலரின் முற்பகுதியில் அவையெல்லாம் முறையாக இடம் பெற்றுள்ளன. ஆயினும் அக்கற்களுக்கு விலை கொடுத்தவை எவை என்று கேட்டால், கடலில் சென்று வந்த மரங்களும் வள்ளங்களும் படகுகளுமே என்று நம் பெரியவர்கள் தயங்காமல் சொல்வார்கள். ஆகவே அவற்றின் வரலாற்றுக்கும் இம்மலரில் சில பக்கங்கள் உரியவை எனக் கருதினோம்.

அதிலும் சிறப்பாக, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய பழைய படகுகளைப் பற்றி எழுத விரும்புகிறோம். காரணம் எளிது. நம் கடற்கரையில் புதுப் படகு இறக்கித் தொழில் தொடங்கியவர்கள் சிலர். பழைய படகு வாங்கித் தொடங்கியவர்கள் பலர். மகளின் திருமணம், மகனின் படிப்பு, வீட்டுக் கூரை ஆகிய அனைத்தும் அந்த ஒரு பழைய படகின் பலகையில்தான் நின்றன. அதைச் சரியாகத் தேர்ந்தவர் கரையேறினார். தவறாகத் தேர்ந்தவர் கடனில் மூழ்கினார். சிலர் கடலிலேயே மூழ்கினர்.

கட்டுமரக் காலம்

நம் முன்னோருக்குக் கட்டுமரம் வெறும் "மரம்" தான். "மரம் இறக்கியாச்சா?" என்று கேட்டால் போதும், பொருள் விளங்கும். மூன்று நான்கு கட்டைகளைச் செதுக்கி, அணியம் மேல் நோக்கி வளையும்படி அமைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிய இக்கலத்தைக் கண்டு வியந்த மேல்நாட்டவர் பலர். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்து எழுதியிருக்கிறார். இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகளைக் குறிக்க வழங்கும் "கட்டமரான்" என்ற சொல் நம் தமிழ்ச் சொல்லே என்பது யாவரும் அறிந்தது.

கட்டுமரத்துக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. அதில் தண்ணீர் தேங்குவதில்லை. ஆகவே அது மூழ்குவதில்லை. அலை மேலே ஏறினாலும் கட்டைகளின் இடைவெளியில் வழிந்து போகும். ஓட்டை விழுந்தால் என்ன செய்வது என்ற கவலை மரக்காரனுக்கு இல்லை. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. எடை குறைந்த மென்மரங்களே கட்டுமரத்துக்கு ஏற்றவை. அம்மரங்கள் நாளடைவில் கடல் நீரைக் குடித்துக் கனத்துப் போகும். அதனால்தான் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே தோளில் சுமந்து வந்து மணலில் உலர்த்தினார்கள்.

பழைய மரம் வாங்குவோர் செய்த சோதனையும் இதையொட்டியே அமைந்தது. கட்டையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பருமனுக்கு மீறிய கனம் இருந்தால் அது தண்ணீர் குடித்த மரம். காய்ந்த பின்னும் கனம் குறையாவிட்டால் உள்ளே உளுத்துவிட்டது என்று முடிவு செய்வார்கள். கயிறு பதிந்த இடங்களில் மரம் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தூக்கிப் பார்க்கும் தோளும் உற்றுப் பார்க்கும் கண்ணும் போதுமாக இருந்த காலம் அது.

வள்ளமும் தோணியும்

கட்டுமரத்தோடு கூடவே வள்ளமும் தோணியும் நம் கரையில் பழமையானவை. புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544-இல் வடுகர் படையெடுப்புக்கு அஞ்சிக் குமரி முனையருகே கடற்பாறைகளில் ஒதுங்கிய கிறிஸ்தவர்களுக்கு உணவும் தண்ணீரும் கொண்டு செல்ல, மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளுடன் அவர் புறப்பட்டார். எதிர்காற்று எட்டு நாள் வரை விடாமல் அடித்ததால் தோணிகள் முன்னேற முடியவில்லை என்று அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பெரும் புனிதராயினும் காற்றுக்கும் கலத்துக்கும் உள்ள கணக்கு மாறவில்லை. அவர் அதன்பின் கரை வழியாகச் சென்று அம்மக்களுக்கு உதவினார். அதே ஆண்டின் இறுதியில்தான் திருவிதாங்கூர்க் கரையோரம் ஊர் ஊராக நடந்து நம் முன்னோருக்குத் திருமுழுக்கு அளித்தார்.

கரமடி வளைக்கும் பெரிய வள்ளங்களில் பலகைகளை ஆணியால் அறையாமல் கயிற்றால் தைத்தார்கள். அலை அடிக்கும்போது ஆணி அறைந்த பலகை பிளக்கும். தைத்த பலகை நெளிந்து கொடுக்கும். பலகைகளின் இடைவெளியை அடைப்பதைக் "கலப்பத்து" என்றனர். மீன் எண்ணெயும் புன்னை எண்ணெயும் பூசி மரத்தைக் காத்தனர்.

வள்ளம் வந்ததும் பழையது வாங்குவோரின் கவலையும் வளர்ந்தது. ஏனெனில் வள்ளத்துக்கு உட்புறம் உண்டு. உட்புறம் உள்ள எதிலும் தண்ணீர் தேங்கும், குறையும் ஒளிந்திருக்கும். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு வெளியே ஊசித்துளை மட்டுமே காட்டும். உள்ளே பலகை தேன்கூடு போல் இருக்கும். ஆகவே ஓடாவியை அழைத்துச் சென்று கத்தி முனையால் ஏராவிலும் வங்குகளிலும் குத்திப் பார்த்தார்கள். நல்ல மரத்தில் கத்தி நிற்கும்; கெட்ட மரத்தில் இறங்கும். கட்டையால் தட்டினால் நல்ல பலகை "டங்" என்று கேட்கும். உளுத்தது "பொத்" என்று கேட்கும். ஐந்து நூற்றாண்டுக்கு முன் தோணி வாங்கியவரும் இப்படித்தான் தட்டிப் பார்த்திருப்பார்.

இயந்திரம் வந்த காலம்

1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை ஆகிய ஊர்களில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. இயந்திரம் பொருத்திய படகுகள் அங்கிருந்து பரவின. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நம் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்துடன் இணைந்தது. பின்னர் தமிழக அரசும் மானியத்தில் விசைப்படகுகளை வழங்கலாயிற்று. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறவே, இழுவலைப் படகுகள் பெருகின.

அதன் விளைவு நாம் அறிந்ததே. விசைப்படகுக்காரரும் மரக்காரரும் ஒரே கடலில், ஒரே மீனுக்கு மோதினர். ஒரே மறையைச் சேர்ந்தவர்கள், ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்ந்தவர்கள், கடலில் வலையறுத்துக் கைகலந்தனர். இத்தகைய மோதல்களின் பின்னணியில்தான் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள பகுதி பாரம்பரிய மீனவருக்கென ஒதுக்கப்பட்டது.

மரத்தை விட்டு இயந்திரப் படகுக்கு மாறத் துணிந்த ஏழைக் குடும்பங்கள் புதுப் படகு வாங்க இயலாமல், வேறு துறையில் ஓடிய பழைய படகுகளையே நாடின. இங்கேதான் பழைய படகுச் சந்தை உண்மையில் தொடங்குகிறது எனலாம். அத்துடன் புதிய ஐயங்களும் வந்தன. மரத்தை அறிந்த கண்ணுக்கு இயந்திரத்தின் உட்புறம் தெரியாது. பலகையைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு, எண்ணெய் ஏன் பால் போல் வெளுத்திருக்கிறது என்பது தெரியவில்லை. இயந்திர எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்பதே அதன் பொருள். அதை அறியாமல் வாங்கியவர்கள் முதல் பருவத்திலேயே இயந்திரத்தைப் பிரித்துப் போட நேர்ந்தது.

ஒட்டுப்பலகைப் படகு

நம் மாவட்டத்தின் பெருமையாகச் சொல்லத்தக்க ஒரு முயற்சியை இங்கே குறிப்பிட வேண்டும். காட்டு மரம் அரிதாகி விலை ஏறிய 1970-களில், கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் ஆதரவில் முட்டத்தில் படகு கட்டும் நிலையம் இயங்கியது. பெல்ஜிய நாட்டவரான பியர் ஜில்லே இப்பணியில் பல ஆண்டுகள் உழைத்தார். ஒட்டுப்பலகையைத் தைத்து ஒட்டி, அலை உடையும் நம் கரையில் இறக்கி ஏற்றத் தக்க எடை குறைந்த படகை உருவாக்குவதே நோக்கம். அம்முயற்சியில் கண்ட தோல்விகளையும் வெற்றியையும் அவர் 1985-இல் ஆங்கில நூலாக எழுதினார். "சிறியது கடினமானது" என்னும் பொருள்பட அந்நூலுக்கு அவர் இட்ட தலைப்பே ஒரு பாடம். சிறு தொழிலாளிக்கு ஏற்ற சிறு படகைச் செய்வது பெருங்கப்பல் செய்வதினும் எளிதன்று.

1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அப்பணியைத் தொடர்ந்து வளர்த்தது. அதே பத்தாண்டில் யமஹா, சுசூகி முதலிய வெளிப்பொருத்து இயந்திரங்கள் கரைக்கு வந்தன. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் அவ்வியந்திரங்களும் ஒட்டுப்பலகைப் படகும் ஒன்றுக்கொன்று துணையாயின. துடுப்பும் பாயும் ஓய்வு பெற்றன.

ஒட்டுப்பலகைப் படகின் பலவீனம் அதன் ஓரங்களில் இருந்தது. பலகையின் வெட்டு முனை எங்கே திறந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் புகும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். ஆகவே பழைய ஒட்டுப்பலகைப் படகைப் பார்க்கப் போனவர்கள் நடுப்பலகையைப் பார்த்து மகிழாமல், மூலைகளையும் ஆணித் துளைகளையும் மணலில் உராயும் அடிப்பாகத்தையும் விரலால் அழுத்திப் பார்க்கக் கற்றனர்.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26-ஆம் நாளை நாம் மறக்க இயலாது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களில் மக்களையும் வீடுகளையும் அலை கொண்டு போயிற்று. கரையில் இருந்த கலங்களும் நொறுங்கின. உலகெங்குமிருந்து உதவி வந்தது. அந்த அன்பை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் வரலாறு எழுதும்போது முழுமையும் எழுத வேண்டும். அவசரத்தில் வந்த படகுகள் எல்லாம் நல்ல படகுகளாய் இல்லை. தமிழகக் கரையில் சில இடங்களில் இழந்ததற்கும் மேலான எண்ணிக்கையில் பைபர் படகுகள் வந்து குவிந்தன. அவற்றுள் தடிப்புக் குறைந்தவையும், கரையின் இயல்பு அறியாமல் செய்தவையும் இருந்தன. சில ஆண்டுகளில் அவை கைமாறத் தொடங்கின. பைபர் படகின் பழைய சந்தை இவ்வாறு பெருகிற்று.

பைபர் படகு, கண்ணாடி இழையையும் பிசினையும் அடுக்கி அடுக்கிச் செய்வது. அதைப் புழு தின்னாது. மரம் போல் உளுத்துப் போகாது. "அப்படியானால் என்ன பயம்?" என்று இளைஞர் கேட்கின்றனர். அனுபவமுள்ளவர்கள் பார்க்கும் இடங்களைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, புதுச்சாயம். விற்பதற்கென்றே பூசிய சாயத்தின் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கேட்க வேண்டும். உடைப்பை மக்குப் பூசி மறைத்த இடம் வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் மேடு பள்ளமாகத் தெரியும். சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள் அணியத்திலும் மூலைகளிலும் இருந்தால், அங்கே அடி விழுந்திருக்கிறது அல்லது படகு நெளிகிறது என்று பொருள்.

இரண்டாவது, ஓசை. ஒரு நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ படகு முழுவதும் தட்டிக் கொண்டே போக வேண்டும். ஓசை ஒரே சீராக இருந்து ஓரிடத்தில் மட்டும் மந்தமானால், அங்கே அடுக்குகள் பிரிந்துள்ளன அல்லது உள்ளே ஈரம் தேங்கியுள்ளது. ஓடாவி வள்ளத்துக்குச் செய்த அதே சோதனை இங்கும் உதவுகிறது.

மூன்றாவது, இயந்திரம் மாட்டும் பின்பலகை. பைபருக்குள்ளே அங்கே பெரும்பாலும் மரப்பலகை வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியே தண்ணீர் புகுந்தால் அம்மரம் உள்ளேயே அழுகும். வெளியே ஒன்றும் தெரியாது. மாட்டிய இயந்திரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பின்பலகையும் சேர்ந்து அசைகிறதா, போல்ட் துளையிலிருந்து பழுப்பு நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நடுக்கடலில் பின்பலகை பிய்ந்து இயந்திரம் கடலில் விழுந்தால், ஆளும் வீடு திரும்புவது அரிது.

நான்காவது, எடை. மிதப்புக்காக மூடிய அறைகளில் நுரைப்பொருள் அடைத்திருப்பார்கள். அது தண்ணீரைக் குடித்திருந்தால் படகு கனக்கும். மிதக்க உதவ வேண்டியதே அப்போது சுமையாகிவிடும். இத்தனை நீளப் படகைக் கரையேற்ற வழக்கமாக எத்தனை பேர் வேண்டும் என்பதை நம் மக்கள் அறிவார்கள். அதற்குக் கூடுதலாக ஆள் வேண்டியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். தண்ணீர் குடித்த மரத்தைத் தூக்கிப் பார்த்த பாட்டனின் தோள் இங்கும் நமக்கு வழிகாட்டுகிறது.

ஐந்தாவது, இயந்திரம். கிளப்புவதற்கு முன் அதைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. முன்பே சூடேற்றி வைத்த இயந்திரம் எளிதில் கிளம்பும்; குளிர்ந்திருக்கும்போது கிளம்புவதே சோதனை. குளிர்நீர் வெளியே தடையின்றிப் பீச்ச வேண்டும். கீழ்ப்பெட்டியின் எண்ணெய் வெளுத்திருக்கக் கூடாது. படகுக்கு மீறிய குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தை மாட்டி ஓட்டிய படகாயின் பின்பலகையை இருமடங்கு கவனத்துடன் பார்க்க வேண்டும்.

ஆறாவது, கரை. இதை நம் பெரியவர்கள் முதலாவதாகச் சொல்வார்கள். பாக் நீரிணையின் ஆழம் குறைந்த அமைதியான கடலுக்கென்று கட்டிய படகு, ஆனி ஆடியில் நம் கரையில் உடையும் அலையைத் தாங்காது. துறைமுகத்தில் கட்டி வைக்கும் படகு வேறு. மணலில் இழுத்தேற்றும் படகு வேறு. விலை மலிவு என்பதற்காக வேறு கடலின் படகை வாங்கி வருவது, அளவு பாராமல் மலிவுக்குச் செருப்பு வாங்குவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் கரையில் பார்த்த பின், தொழிலுக்குப் போகும் ஆட்களோடும் சுமையோடும் கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். போகும்போது அடித்தளத்தைத் துடைத்து வைத்து, திரும்பியதும் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று பார்த்தால் படகு தானே உண்மையைச் சொல்லும்.

தாளும் கடனும்

2008 நவம்பர் 26-இல் மும்பையைத் தாக்கியவர்கள் "குபேர்" என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் வந்தனர் என்பது வெளியானபின், நாடெங்கும் படகுப் பதிவு இறுக்கமாயிற்று. பதிவு எண் இல்லாத படகு இன்று கடலில் அநாதை. பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகில் எழுதிய எண்ணும், இயந்திரத்தில் பொறித்த எண்ணும் அதன் இரசீதில் உள்ள எண்ணும் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடியாமல் முழுப்பணத்தையும் கொடுப்பது நல்லதன்று. மானியமும் காப்பீடும் விபத்து நிவாரணமும் பெயரில் உள்ளவருக்கே கிட்டும். தொழில் செய்தவர் ஒருவர், தாளில் உள்ளவர் மற்றொருவர் என்றிருந்தால், விபத்துக்குப் பின் விதவையான பெண்தான் அலுவலகப் படிகளில் காத்து நிற்க வேண்டியிருக்கும்.

கடனையும் மறைக்க இயலாது. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு எடுத்தவர், பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிய நிலை நெடுங்காலம் நம் கரையில் இருந்தது. அக்கட்டை அவிழ்க்கவே மீனவர் சங்கங்கள் தோன்றின. தங்கள் மீனைத் தாங்களே ஏலமிட்டு, விற்பனையில் ஒரு பகுதியைக் கடனுக்குக் கழித்து வந்த அம்முறையால் சொந்தப் படகு கண்டவர் பலர். வாங்கும் படகில் பழைய உரிமையாளரின் கடன் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் விசாரிப்பது அறிவுடைமை.

விற்பவரின் கடமை

இதுவரை வாங்குபவருக்குச் சொன்னோம். விற்பவருக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், விற்கும் பொருளின் குறையைச் சொல்ல விற்பவர் கடமைப்பட்டவரா என்ற கேள்வியை எழுப்பி விடை தருகிறார். ஒற்றைக்கண் குதிரையைப் போல் குறை வெளிப்படையாகத் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைத்தால், வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இடியும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடு என்று விற்பதைப்போல, மறைந்துள்ள குறையால் வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ நேருமாயின் அதைச் சொல்லாமல் விற்பது அநீதி என்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய இவ்விடை நம் மணலுக்கு அப்படியே பொருந்துகிறது. கிழிந்த வலையை விற்றால் பணம் போகும். அழுகிய பின்பலகையை மக்குப் பூசி விற்றால் உயிர் போகும். முந்தியது திருடாதே என்ற கட்டளைக்கு மட்டும் விரோதம். பிந்தியது கொலை செய்யாதே என்ற கட்டளையையும் தொடுகிறது. "அவன் பார்த்துத்தானே வாங்கினான்" என்று சொல்லித் தப்ப இயலாது. அப்படகில் ஏறப் போகிறவர்களில் பெரும்பாலோர், வாங்கும் நாளில் அங்கே நின்று பார்த்தவர்கள் அல்லர். கூலிக்கும் பங்குக்கும் வரும் பிள்ளைகள்.

மந்திரிப்பதைப் பற்றியும் இங்கே சொல்வது பொருத்தம். படகு வாங்கியதும் குருவானவரை அழைத்துத் தீர்த்தம் தெளிக்கச் செய்வது நம் மக்களின் அழகிய வழக்கம். அந்தோனியார், சவேரியார், ஆரோக்கிய அன்னை, மிக்கேல் அதிதூதர் என்று புனிதர்களின் பெயரையே படகுக்கும் இடுகிறார்கள். அந்த விசுவாசத்தை மதிக்கிறோம். ஆனால் தீர்த்தம் ஓட்டையை அடைக்காது. திருச்சபையின் ஆசீர் மனித உழைப்பின் மேல் இறங்குவது. உழைப்புக்குப் பதிலாக வருவதன்று. ஆகவே நம் பங்கில் ஒரு வழக்கம் ஏற்பட விரும்புகிறோம். முதலில் ஓடாவியும் இயந்திரம் அறிந்தவரும் பார்க்கட்டும். உயிர்காப்புச் சட்டைகளும் தொலைத்தொடர்புக் கருவியும் படகில் ஏறட்டும். அதன்பின் குருவானவர் வரட்டும். படகில் புனிதரின் படம் ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே கடலோரக் காவல்படையின் அவசர எண்ணான 1554-ஐயும் எழுதி வைப்பது நலம். புனிதர் அதனால் வருந்தமாட்டார்.

2017 நவம்பர் 29, 30 நாட்களில் வீசிய ஒக்கிப் புயல் இதை நமக்குக் கண்ணீரால் கற்பித்தது. ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்வதில் பெயர் பெற்ற தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மக்கள் கரைக்கு எட்டாத தொலைவில் இருந்தனர். நம் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. புயலை எந்தப் படகாலும் நிறுத்த முடியாது. ஆனால் செய்தி கேட்கும் கருவியும், கவிழ்ந்தாலும் மிதக்கும் படகும், கிளப்பியவுடன் கிளம்பும் இயந்திரமும் ஒருவரை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடும். பழைய படகு வாங்கும்போது இவற்றுக்காகச் செலவிடும் தொகையை வீண் செலவு என்று எண்ண வேண்டாம்.

இராயப்பரின் கடலில் ஒரு பழைய படகு

முடிவாக, புனித நாட்டிலிருந்து ஒரு செய்தி. 1986-இல் கடும் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, கினோசார் அருகே சேற்றில் புதைந்திருந்த ஒரு மீன்பிடிப் படகைச் சகோதரர் இருவர் கண்டெடுத்தனர். நீளம் 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். ஆய்ந்தவர்கள் அது நம் ஆண்டவரின் காலத்தை ஒட்டிய முதல் நூற்றாண்டுப் படகு என்றனர். பன்னிரண்டு நாளில் அதைச் சேற்றிலிருந்து பெயர்த்து, பல ஆண்டுகள் பக்குவப்படுத்தி, இன்று அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதில் இராயப்பரோ செபதேயுவின் மக்களோ ஏறினார்கள் என்று சொல்வதற்குச் சான்று இல்லை. அவர்கள் காலத்தவர் ஏறிய படகு என்று சொல்லலாம்.

நம் மனத்தைத் தொடுவது அப்படகின் மரம். பலகைகள் பெரும்பாலும் கேதுரு, வங்குகள் கருவாலி. ஆனால் ஒட்டும் பழுதுபார்ப்பும் சேர்த்துப் பார்த்தால் பத்து வகைக்குக் குறையாத மரங்கள் அதில் உள்ளன. ஏராவின் ஒரு பகுதி, அதற்கும் முந்திய வேறொரு படகிலிருந்து எடுத்தது. கடைசியில் பயன்படும் பாகங்களை எல்லாம் கழற்றிக் கொண்டு, இனிப் பழுதுபார்க்க இயலாது என்ற நிலையில்தான் அதை நீரில் தள்ளிவிட்டார்கள். நல்ல மரத்துக்கு வசதியில்லாத ஒரு மீனவன், கிடைத்த துண்டுகளைக் கொண்டு, தேர்ந்த கையால் பல்லாண்டு அதைக் கடலில் நிறுத்தி வைத்திருக்கிறான்.

ஆண்டவர் ஏறி அமர்ந்து போதித்த படகும், புயலில் அவர் தலை வைத்து உறங்கிய படகும் ஒருவேளை இப்படிப்பட்ட பழைய படகாகவே இருந்திருக்கலாம். அவர் புதுப் படகு கேட்டதாக நற்செய்தியில் இல்லை. ஆகவே பழைய படகு வாங்கும் ஏழைத் தொழிலாளி தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. அவர் கேட்க வேண்டியது ஒன்றே: இப்படகில் என் மகனை நான் நம்பி அனுப்புவேனா? விற்பவரும் தம்மைத் தாமே கேட்க வேண்டியது அதே கேள்விதான்.

இந்த யூபிலி ஆண்டில் நம் ஆலயத்துக்குக் கற்கள் தந்த மரங்களையும் வள்ளங்களையும் படகுகளையும், அவற்றில் சென்று திரும்பியவர்களையும், திரும்பாதவர்களையும் நன்றியோடு நினைவு கூர்வோம். கடலின் விண்மீனாகிய தேவ அன்னை நம் பிள்ளைகளைக் காப்பாராக. அவர்கள் ஏறும் பலகையைத் தட்டிப் பார்த்து அனுப்பும் பொறுப்பு நம்முடையதாக இருக்கட்டும்.